முழங்கையில் சுளுக்கு எடுக்கலாமா?

கபடியில் விழுந்தாலும் சரி, படிக்கட்டில் வழுக்கினாலும் சரி, யாரும் முதலில் செய்வது கையை நீட்டி ஊன்றுவதுதான். உடம்பின் எடை முழுதும் அந்த நீட்டிய கையில் இறங்கும்போது முழங்கை பின்பக்கமாக வளையப் பார்க்கிறது. இதற்கு மருத்துவத்தில் ஹைப்பர்எக்ஸ்டென்ஷன் காயம் என்று பெயர். ஊரில் இதன் பெயர் சுளுக்கு. பெயர் சின்னது என்பதால் வைத்தியமும் சின்னதாகிவிடுகிறது. எண்ணெய் தடவி ஒரு உருவல், ஒரு இழுப்பு. அவ்வளவுதான்! ஆபத்தும் அங்கேதான்.

முழங்கை ஒரு கதவுக் கீல் மாதிரி. கையை நீட்டும்போது முன்கை எலும்பின் கொக்கி போன்ற முனை, மேல்கை எலும்பின் பின்னால் உள்ள குழியில் போய் உட்காரும். சிலருக்கு இயல்பாகவே 5, 10 டிகிரி கூடுதலாக வளையும்; அது நோயல்ல. ஆனால் பலமாக மேலும் தள்ளினால் அந்த முனையே நெம்புகோலாகி மூட்டைக் கழற்றிவிடும். முன்பக்கச் சவ்வும் பக்கவாட்டுத் தசைநார்களும் கிழியும். ரத்தக்குழாயும் நரம்பும் அருகிலேயே ஓடுகின்றன.

தசை இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 148 கிலோ தூக்கிய ஹங்கேரியின் யானோஸ் பரன்யாய்க்கும், 2012 லண்டனில் 162 கிலோவை முயன்ற தென்கொரியாவின் சா ஜே ஹ்யோக்குக்கும் வலது முழங்கை கழன்றது. சா, 2008-ல் தங்கம் வென்றவர்!

அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால், தசைக்குள் எலும்பு வளர்ந்து கை நிரந்தரமாக விறைத்துப்போகலாம். குழந்தைகளுக்கு இதே மாதிரி விழுந்தால் மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிவதும் உண்டு. அதன் மேல் இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் மடங்கியே நின்றுவிடக்கூடும்.

உருவி விடுபவரிடம் ஜனங்கள் போவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கேட்பதும் கொஞ்சம்தான். மருத்துவமனை என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூடவே மாதக்கணக்கில் மாவுக்கட்டு என்ற பயம். ஆனால் எலும்பு முறியாத காயத்துக்கு அப்படி நீண்ட கட்டு வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் அசையாமல் வைத்தால் விறைப்புதான் மிஞ்சும் என்று மருத்துவர்களே சீக்கிரம் அசைக்கச் சொல்கிறார்கள்.

ஆக, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கை இருக்கும் நிலையிலேயே தூளி கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும். மூட்டு கோணலாக இருந்தாலோ, விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சுளுக்கா, முறிவா என்று எண்ணெய்க் கைக்குத் தெரியாது, எக்ஸ்ரேக்குத் தெரியும்.