பாட்டையும் கேட்டு எழுதுவோம்

மறதி நோய் வந்த முதியவருக்குப் பழைய பாட்டொன்றைப் போட்டால் முகம் தெளிகிறது. பேச்சு நின்றுபோனவர்கூட உதட்டை அசைத்துப் பாடுகிறார். கைப்பேசியில் சுற்றிவரும் காணொளிகளால் இது இன்று ஊருக்கே தெரியும். சிகிச்சையிலும் பராமரிப்பிலும் இருக்கும் நமக்கு அது போதாது. எந்தப் பாட்டு, யாருடைய குரலில், எந்த வேளையில் என்பதற்கு நம்மிடம் விடை வேண்டும். அந்த விடை பாட்டுத் தொகுப்புகளில் கிடைக்காது, அவரவர் வாழ்க்கையில்தான் கிடைக்கும். ஆகவே மருந்து விபரம் கேட்பதுபோல் பாட்டு விபரமும் கேட்டு, கிளினிக் அட்டையில் எழுத வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம்.

முதலில், இசையால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்று பார்த்துக்கொள்வோம். நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சுருங்குகின்றன என்று 2015 இல் 'பிரெய்ன்' சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. பேரனின் பெயர் நழுவிய பிறகும் மெட்டு மிஞ்சுவதற்கு இதை ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆனால் மெட்டு மிஞ்சுவதால் நினைவு திரும்பிவிடாது. 22 ஆய்வுகளைத் திரட்டிய 2018 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, இசைவழிச் சிகிச்சை மனச்சோர்வைத் தணிக்கக்கூடும், நடத்தைச் சிக்கல்களையும் பொதுவாகக் குறைக்கக்கூடும் என்றது. அறிவாற்றலிலும் ஆவேசத்திலும் மாற்றம் சொற்பம் அல்லது இல்லை என்றும் சொன்னது. "பாட்டுக் கேட்டால் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிடும்" என்று குடும்பத்துக்கு நாம் வாக்குக் கொடுக்கக்கூடாது. அமைதியான ஒரு குளிப்பு, சண்டையில்லாத ஒரு சாப்பாடு, மகளோடு சிரித்த பத்து நிமிடம்: இலக்கை இந்த அளவில் எழுதினால்தான் எட்டினோமா இல்லையா என்று சரிபார்க்க முடியும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2014 இல் வெளியான பின்லாந்து ஆய்வு. நோயாளியும் பராமரிப்பவருமாக 89 இணைகள் அதில் பங்கெடுத்தனர். சிலருக்குச் சேர்ந்து பாடவும், சிலருக்குச் சேர்ந்து கேட்கவும் பத்து வாரம் பயிற்சி தரப்பட்டது. இரண்டுமே நோயாளிகளின் மனநிலையை மேம்படுத்தின; பாடுவது பராமரிப்பவரின் நலனுக்கும் உதவியது. இசைச் சிகிச்சையாளர் எவரும் எட்டிப்பார்க்காத மலையகத் தோட்டங்களில் நாம் பற்றிக்கொள்ள வேண்டிய முடிவு இது. பாட வேண்டியது குடும்பம், பழக்கிவிட வேண்டியது நாம்.

இனி நம் இடத்துக்கு வருவோம். பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சரிவில் ஏறினால் ஸ்பிரிங்வெளி. அங்கு ஒரு லயத்தில் இருக்கும் எண்பது வயது அம்மாயியை நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்துவரை கேட்டவையே மனத்தில் ஆழமாகப் பதியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அம்மாயிக்கு அது ஏறக்குறைய 1960களும் எழுபதுகளின் தொடக்கமும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி, டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா என்று நாம் உடனே பட்டியல் போட்டுவிடுவோம். வானொலிப் பெட்டி இருந்த காம்பராவில் வளர்ந்தவர் என்றால் அது பொருந்தலாம். இல்லாதவர் என்றால், கொழுந்து மலையில் நிரைக்கு நிரை பாடியதும், தொட்டில் ஆட்டியதும், மாரியம்மன் திருவிழாவில் கும்மியடித்ததும்தான் அவருடைய இசை. வேதக்காரக் குடும்பமென்றால் ஞானப்பாட்டு. அவருடைய வீட்டுக்காரருக்கோ மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும். ஒரே காம்பராவில் ஐம்பது வருடம் வாழ்ந்த இருவருக்கு இரண்டு வேறு பாட்டு உலகங்கள் இருக்கலாம். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எதைப் பற்றிக் கேட்கலாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி. ஆனால் புத்தகத்திலுள்ள பாட்டு அந்த அம்மாயியின் பாட்டாக இருந்தே தீரும் என்பதில்லை.

தப்பு மேளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அந்தக் காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பியதும் தப்புத்தான். விடிகாலையில் எழுந்து கூடையைத் தேடும் ஒருவரை நாம் 'அலைகிறார்' என்று குறித்துக்கொள்கிறோம். அவர் உடம்பு பெரட்டுக்களத்துக்குக் கிளம்புவதாகவும் இருக்கலாம். இணையத்தில் கிடைத்த ஏதோவொரு தப்பிசையைப் போட்டு, அது சாவு அடியாக அமைந்துவிட்டால், நாம் உண்டாக்குவது திகில். தப்படித்ததற்காகச் சாதி சொல்லி ஒதுக்கப்பட்ட குடும்பத்தவர் என்றால் அந்த ஒலியில் பெருமையும் இருக்கும், காயமும் இருக்கும். கேளாமல் போடக்கூடாது.

துயரம் இன்னொரு வாசல் வழியாகவும் வரும். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அண்ணனை, கூட்டாளியை, கட்டிக்கொடுத்த மகளை அந்தக் கோச்சியில் ஏற்றிவிட்டவர்கள்தான் இன்று நம் கிளினிக்கில் காத்திருக்கும் முதியவர்கள். அந்த வருடங்களின் பாட்டு சிரிப்போடு கண்ணீரையும் கொண்டுவரும். கண்ணீர் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உடனிருந்தால் பலருக்கு அழுகை தணியும். உடல் இறுகினால், முகத்தைத் திருப்பினால், எழுந்து போகப் பார்த்தால் நிறுத்துங்கள். அந்தப் பாட்டை 'வேண்டாம்' என்று அட்டையில் குறியுங்கள். வேண்டாத பாட்டு ஒவ்வாத மருந்துக்குச் சமம்.

செய்முறை எளிது. பாட்டுக்கு முன் காதைப் பாருங்கள். குறும்பி அடைத்த காதுக்கு எந்தப் பாட்டும் இரைச்சல்தான். இரண்டொரு நாளில் திடீரென்று குழம்பிப்போனவருக்குப் பாட்டுத் தேடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சீனி இறக்கம், புது மருந்து என்று காரணத்தைத் தேடுங்கள். லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்துக் காம்பராத் தொலைக்காட்சி ஓய்ந்த நேரமாகப் பாருங்கள். இணையத்திலிருந்து நேரே ஓடவிட்டால் நடுவே விளம்பரம் கத்தும்; தரவிறக்கி வையுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பாட்டுப் போதும். நாள் முழுக்க ஓடினால் அது வெறும் சத்தமாகிவிடும். "இது யார் பாடியது, சொல்லு பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். சேர்ந்து பாடுங்கள், அவர் விட்ட இடத்தில் காத்திருங்கள்.

குடும்பம் என்றோம், அது எங்கே இருக்கிறது? மகன் கொழும்பில், மகள் வளைகுடாவில், காம்பராவில் பேரப்பிள்ளைகள். பாட்டு தெரிந்தவர் தூரத்தில், பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு தெரியாது. குவைத்திலிருக்கும் மகள் தன் குரலில் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாலாட்டு, தேர்ந்த பாடகரின் ஒலிப்பதிவைவிட அதிகம் வேலை செய்யலாம். பேத்திக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பிள்ளைக் காம்பரா அம்மாவைக் கேளுங்கள். தாலாட்டை இன்னும் தொழிலோடு வைத்திருப்பவர் அவர்.

இதையெல்லாம் ஏன் நாம் செய்ய வேண்டும்? ராகம பகுதியில் செய்து 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதைக் கண்டது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 12 சதவீதத்துக்கு மேல். லங்கா அல்சைமர் மன்றம் இருப்பது கொழும்பில். ஊவாத் தோட்டத்திலிருந்து அது ஒரு நாள் பயணம். இங்கே இருப்பவர்கள் தோட்ட வைத்திய உதவியாளர், குடும்ப சுகாதார உத்தியோகத்தர், பதுளை வைத்தியசாலைத் தாதியர், அதாவது நாம்தான்.

நோய் முற்றியபின் பாட்டைக் கேட்டறிய முடியாது. அதனால் பிரஷருக்கும் சீனிக்கும் மாதாமாதம் வரும் அறுபது வயதுக்காரர்களிடம் இப்போதே தொடங்குவோம். நான்கு கேள்விகள்: சின்ன வயதில் வீட்டில் யார் பாடினார்? மலையில், கோயிலில், கூத்தில் நீங்கள் பாடியது என்ன? எந்தப் பாட்டைக் கேட்டால் மனசு கலங்கும்? உங்களுக்குப் பாடிக் காட்ட யாரைக் கூப்பிடலாம்? வரிசையில் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்டுவிடலாம். புது அச்சுத்தாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.