குதிரைச் சக்தி அல்ல, கழனி மண் தீர்மானிக்கட்டும்!

"எத்தனை குதிரைச் சக்தி?" டிராக்டரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். வண்டிச் சொந்தக்காரரும் பெருமையோடு பதில் சொல்லுகிறார். எந்த மண்ணில் இறங்கப் போகிறது, எந்தச் சக்கரத்தோடு, எந்தக் கலப்பையோடு என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்காததால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? வாடகை கொடுக்கும் குத்தகை விவசாயியின் தலையில். மண்வெட்டியோடு பின்னால் நிற்கும் விவசாயத் தொழிலாளியின் தலையில். ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் தலையில். ஆகவே, இது யந்திரக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல. உழைப்பாளி மக்களின் பிரச்னை.

ஒரே ஊர், இரண்டு மண்

அம்பத்தூர் ஏரிப் பாசனக் கழனிகள் பெரும்பாலும் வீடுகளாகவும் பட்டறைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர்ப் பக்கமும், பூந்தமல்லி தாண்டித் திருமழிசை, நேமம் பக்கமும் இன்றும் சம்பாவுக்கும் நவரைக்கும் சொர்ணவாரிக்கும் உழவு நடக்கிறது. ஏரிக்கரைக்குக் கீழே களியும் வண்டலும். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். சற்று மேடேறினால் மணல் கலந்த செம்மண். மழை நின்ற மறுநாளே கலப்பை போடலாம். இவ்விரண்டு மண்ணிலும் ஒரே வண்டியை, அதே சக்கரத்தோடும் அதே கலப்பையோடும் ஓட்டுவது, செருப்பின் அளவு பார்க்காமல் எல்லார் காலிலும் ஒரே செருப்பை மாட்டுவது போன்றது.

இந்த வண்டிகளில் பல, நம் தொழிலாளர் கைகளில் உருவானவை. 1960-ல் தொடங்கப்பட்ட டாபே கம்பெனி, மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் சென்னை செம்பியத்தில் தயாரித்தது. அந்த வரிசையில் வந்த 1035 என்ற 35 குதிரைச் சக்தி வண்டி, பல கை மாறி இன்றும் வாடகைக்கு ஓடுகிறது. எடை ஒன்றே முக்கால் டன் அளவு. ஹாரி பெர்குஸன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு அதில் உண்டு. மண் கலப்பையை இழுக்கும் பாரம் பின் சக்கரத்தின் மேல் இறங்குவதால், எடை குறைந்த வண்டியும் நன்றாகப் பிடித்து உழும். ஆனால் பழைய வண்டியில் ஹைட்ராலிக் தேய்ந்துவிட்டால் கலப்பை ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் போகும். அங்கே குதிரைச் சக்தி எத்தனை இருந்தும் பயனில்லை.

பெரிய யந்திரம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 1956-ல் சோவியத் யூனியன் அன்பளிப்பாக அளித்த யந்திரங்களைக் கொண்டு ராஜஸ்தானத்தில் சூரத்கர் மத்திய யந்திரப் பண்ணை அமைந்தது. அந்த அகன்ற வறண்ட வெளிக்குப் பெரிய யந்திரம் பொருந்தியது. நம் பக்கத்து அரை ஏக்கர்க் கழனிக்கு, வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய இடத்துக்கு, அது பொருந்துமா?

சக்கரம் வழுக்கினால் பணம் யாருடையது?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தோழர்களுக்கு ஒன்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 40 டன் எடையுள்ள டாங்கி சேற்றில் எப்படிப் போகிறது? அகன்ற சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிவிடுகிறது. டிராக்டருக்கும் அதே கணக்குத்தான். சேற்றுக் கழனியில் பின் டயருக்கு வெளியே அரைக் கேஜ் வீல் பொருத்துவது எடையைப் பரப்பவும், இரும்புப் பட்டைகள் சேற்றைக் கலக்கவுமே. மேட்டுச் செம்மண்ணில் அது வெறும் சுமை. அங்கே டயருக்குள் தண்ணீர் அடைத்தோ, சக்கரத்தில் இரும்பு வளையம் மாட்டியோ எடை கூட்டுவதுதான் பிடிமானம் தரும். ஒரு பின் டயரில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். அந்தத் தண்ணீரோடு களிமண் சேற்றில் இறங்கினால் வண்டி அச்சு வரை புதையும்.

காற்றும் அப்படியே. ரோட்டில் செங்கல் டிரெய்லர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு கழனியில் இறங்கக் கூடாது. உழவுக்குப் பின் டயரில் 12 ராத்தலை ஒட்டிய காற்றே போதும். குறைந்த காற்றில் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். வண்டியின் கையேட்டில் அளவு இருக்கிறது.

வழுக்கலை யாரும் அளக்கலாம். பின் டயரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றுக்கு வண்டி 120 அடி போகிறது என்று வையுங்கள். கலப்பையை இறக்கி உழும்போது அதே 10 சுற்றுக்கு 90 அடிதான் போனால், நூற்றுக்கு 25 வழுக்கல். புழுதி உழவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருப்பது சகஜம். அதற்கு மேல் போவது டீசல் தண்டம், டயர் தண்டம். வாடகையோ மணிக் கணக்கு! 4 மணி நேர வாடகையில் 1 மணி நேரம் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியதற்குக் கூலி. சேடை ஓட்டும்போது வழுக்கல் கூடுதலாகத்தான் இருக்கும். அதில் சேறும் கலங்கும். ஆனால் மேட்டு உழவிலும் அப்படி வழுக்கினால் அதற்கு விவசாயி ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கலப்பைக்கும் ஒரு பதம் உண்டு

கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு கயிறாகத் திரிந்தால் இன்னும் ஈரம் அதிகம். உருண்டு, பிறகு தட்டினால் உதிர்ந்தால் அதுவே உழவுப் பதம். பதம் தப்பிக் களியை உழுதால் பளபளவென்று பாளமாகப் புரளும், காய்ந்தால் செங்கல். பிறகு கட்டி உடைப்பதற்கு இன்னொரு உழவு, இன்னொரு வாடகை.

இறுகிய தரிசுக்கும் வேர்க்கட்டை நிறைந்த நிலத்துக்கும் சட்டிக் கலப்பை. ஏற்கெனவே இளகிய நிலத்துக்கு ஐந்து கலப்பையோ ஒன்பது கலப்பையோ. 35 குதிரைச் சக்திப் பழைய வண்டி, இறுகிய களியில் ஒன்பது கலப்பையை ஆழமாக இழுக்கத் திணறும். அதையே ஐந்தாகக் குறைத்தால் இழுக்கும். ரோட்டவேட்டர் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுவே என்று ஆகிவிட்டது. ஒரே ஓட்டத்தில் மாவு போல் ஆக்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் ஆண்டாண்டாக அதே நாலைந்து அங்குல ஆழத்தில் கத்தி சுழன்றால் அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் படிந்துவிடும். நெல்லுக்கு அது ஓரளவு நல்லது; தண்ணீரைத் தாங்கும். பின்னால் உளுந்தோ நிலக்கடலையோ போட்டால் வேர் அங்கே முட்டி நிற்கும், மழைத் தண்ணீர் தேங்கும். கெட்டித் தளம் உள்ள மேட்டு நிலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும்போது, உளிக் கலப்பை போட்டு அதை உடைக்க வேண்டும்.

இன்னொன்று. சின்னக் கழனியில் பெரிய வண்டி மூலையைத் தொடாது. மூலை கொத்துவதும், சக்கரம் சிதைத்த வரப்பைக் கட்டுவதும் தொழிலாளியின் முதுகுக்கு வருகிறது. அந்த வேலைக்குத் தனிக் கூலி பேசப்படுகிறதா? பவர் டில்லர் போதுமான இடத்தில் பெரிய வண்டியை இறக்குவது இப்படித்தான் கூலி கொடுக்காத வேலையை உண்டாக்குகிறது.

டிரைவரின் உயிர்

பொருத்தம் பார்க்காததன் மிகப் பெரிய விலை இங்கேதான். வண்டி புதைந்துவிட்டால் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி, கியரில் போட்டு ஏற்றப் பார்க்கிறார்கள். சக்கரம் சுற்ற வழியில்லாதபோது, என்ஜினின் வேகம் வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கும். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி பின்னால் மல்லாந்து டிரைவரை நசுக்கிவிடும். இழுக்கும் சங்கிலியை அச்சுக்கு மேலே மாட்டினாலும் இதே ஆபத்துத்தான். புதைந்தால் கலப்பையைக் கழற்றி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண் வெட்டி, பின்பக்கமாகவே மெல்ல எடுக்க வேண்டும். அல்லது இன்னொரு வண்டியைக் கொண்டு இழுக்க வேண்டும். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு இல்லை. ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டுக்கு மூடியும் பல வண்டிகளில் இல்லை. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும் அந்தத் தண்டு வேட்டி நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் டிராக்டர் கொண்டு விவசாய வேலை செய்பவரும் இடம்பெற்றிருந்தார். அந்த உரிமை ஏட்டில் இருந்தது. எத்தனை டிரைவர்களுக்கு அது சொல்லப்பட்டது?

கேட்க வேண்டியவை

முதலாவது: வாடகை பேசும்போது மணியை மட்டும் பேசாதீர்கள். இத்தனை சென்ட், இத்தனை அங்குல ஆழம், இத்தனை சால் என்று பேசுங்கள். ஆழத்தைச் சொல்லாமல் பரப்பை மட்டும் பேசினால் மேலே கீறிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவது: வேளாண்மைப் பொறியியல் துறை யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களின் விவசாயிகளுக்கு டிராக்டர் மட்டும் வந்தால் போதாது. கேஜ் வீல், சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை, பவர் டில்லர் யாவும் பருவத்துக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது: தண்டுக்கு மூடியும் கவிழ்வதற்குக் காப்பும் இல்லாத வண்டியை ஓட்டும்படி எந்த டிரைவரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது. "இந்தச் சேற்றில் இறங்காது" என்று அவர் சொன்னால் அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது.

தண்டுக்கு மூடி செய்வது அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு ஒரு பொழுது வேலை. எந்தக் கழனி எந்த மாதத்தில் இழுக்கும் என்பது விவசாயத் தொழிலாளிக்கு மனப்பாடம். இவ்விரண்டு அறிவும் ஒன்று சேர்ந்தால் பழைய வண்டியும் புது வண்டியைப் போல உழும். அடுத்த பருவத்துக்கு வண்டி பேசும்போது, குதிரைச் சக்தியைக் கடைசியாகக் கேளுங்கள். சக்கரத்தையும் கலப்பையையும் முதலில் கேளுங்கள்!