கூலிங் பேட் வாங்கப் போகிறீர்களா?



எங்கள் பள்ளியின் பெயர்ப் பலகையில் இன்னும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டத்தில்தான் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனையாகிவிட்டது. லயத்தில் இருந்த சனமும் சுங்கை சிப்புட், செம்மோர், ஈப்போ பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. வீட்டில் ஒரு சிக்கல் என்றால் வாத்தியாரைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஓர் அக்கா வந்தார். லயத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். மகன் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வரைபட மென்பொருளைச் சாதாரணக் கணினி தாங்காது என்று அவன் சொன்னதால், 3,800 வெள்ளிக்கு ஒரு கேமிங் லேப்டாப்பைத் தவணையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாதம் 175 வெள்ளி. பையன் அதில் பாடமும் செய்கிறான், ஆட்டமும் ஆடுகிறான். மறைப்பானேன்?

“தம்பி, அந்தப் பெட்டி திடீர் திடீர்னு அணைஞ்சு போவுது. கூலிங் பேட் வாங்கினாத்தான் சரியாகும்னு இவன் ஒத்தக்கால்ல நிக்கிறான். முந்நூத்தி ஐம்பது வெள்ளியாம். விசிறிக்கு அவ்வளவு காசா? நீங்களே சொல்லுங்க” என்றார். பெட்டி கெட்டுப் போனாலும் இன்னும் பதினொரு தவணை கட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

இந்தக் கேள்வியோடு இன்னும் பல பெற்றோர் இருப்பீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கூலிங் பேட் என்பது மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை. அது ஐஸ் பெட்டி அல்ல. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது மேலே தள்ளும். பிற்பகலில் ஈப்போவில் 33 டிகிரி என்றால், அந்த 33 டிகிரிக் காற்றுதான் கணினிக்குப் போகும். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏமாற்றம் இங்கேயே குறைந்துவிடும்.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலை பார்த்தவர். புகைவீட்டில் கீழே காற்று நுழைய வழி இருக்கும். மேலே புகையும் ஈரமும் வெளியேற வழி இருக்கும். இரண்டில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் ஷீட்டு காயாது, பூசணம் பிடித்துவிடும். மடிக்கணினியும் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலானவற்றில் அடிப்பக்கத் துவாரங்கள் வழியே காற்று நுழைகிறது. உள்ளே இருக்கும் செப்புக் குழாய்கள் சூட்டைக் கொண்டுவந்து மெல்லிய தகடுகளில் சேர்க்க, சிறு விசிறிகள் அந்தச் சூட்டைப் பின்னாலோ பக்கவாட்டிலோ வெளியே ஊதுகின்றன. ஆட்டம் ஓடும்போது இந்தச் சிறிய உடம்புக்குள் 100 முதல் 200 வாட் வரை எரிகிறது. பழைய குண்டு பல்பு இரண்டை ஒரு தட்டையான டப்பாவுக்குள் போட்டு மூடியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏறிக்கொண்டே போனால், 95 முதல் 105 டிகிரிக்குள் ஒரு கட்டத்தில், கணினியின் மூளைச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். அதற்கும் அடங்காவிட்டால் உயிர் பிழைக்கத் தானே அணைந்துவிடும். அக்காவின் வீட்டில் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் ஒருமுறை ஏமாந்தவன். என் மகளின் மடிக்கணினிக்காக இணையத்தில் 89 வெள்ளிக்கு ஒரு கூலிங் பேட் வாங்கினேன். ஐந்து விசிறிகள், நீல விளக்கு, தீபாவளிக் கடை மாதிரி மின்னியது. ஐந்து என்றதும் மயங்கிவிட்டேன். வந்த பிறகு பார்த்தால் பெரிய விசிறி நட்ட நடுவில் இருக்கிறது. கணினியின் துவாரங்களோ பின்பக்க இரு ஓரங்களில். விசிறி வெறும் மூடியில் காற்றை மோதவிட்டுக்கொண்டிருந்தது. சூடு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை, இரைச்சல் மட்டும் ஏறியது. அந்தப் பேட் இப்போது எங்கள் வீட்டுப் பூனையின் கட்டில்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்யுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கவிழ்த்துப் பாருங்கள். டார்ச் அடித்தால் எந்தத் துவாரம் உண்மையாகத் திறந்திருக்கிறது, எது வெறும் அலங்காரக் கோடு என்று தெரியும். அலங்காரக் கோடுகள் நிறையவே இருக்கும், ஏமாறாதீர்கள். திறந்த இடங்களை ஒரு தாளில் அளந்து வரைந்துகொள்ளுங்கள். அடியில் துவாரமே இல்லாமல், விசைப்பலகைப் பக்கமாக மட்டும் காற்றை இழுக்கும் கணினியாக இருந்தால் கூலிங் பேட்டுக்குக் காசு போடவே வேண்டாம்.

பிறகு சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பிள்ளையிடம் சொல்லிப் போடச் செய்யுங்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ, எச்.டபிள்யூ.மானிட்டர் இரண்டுமே நல்லவை. அரை மணி நேரம் ஆட்டத்தை ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கணினியின் பின்பக்கத்தை இரண்டு தண்ணீர்ப் போத்தல் மூடிகளின் மேல், துவாரத்தை மறைக்காமல், தூக்கி வைத்து அதே அரை மணி நேரம் பாருங்கள். நான்கைந்து டிகிரி இறங்கினால் அதற்குக் காற்றுப் பசி இருக்கிறது என்று பொருள். கூலிங் பேட் உதவும்.

அக்காவின் மகனை அடுத்த சனிக்கிழமை கணினியோடு வரச் சொன்னேன். முதல் கணக்கு 98. மூடிகளின் மேல் வைத்தபோது 96. அடியில் அவ்வளவு காற்று இருந்தும் இறங்கவில்லை என்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது. “எங்கே வைத்து விளையாடுகிறாய்?” என்றேன். “மெத்தையில சார்” என்றான். அந்த அறையில்தான் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுகிறார்கள். அந்தப் புகையின் பிசுக்கில் தூசி ஒட்டினால் எளிதில் போகாது.

ஈப்போ யிக் பூங் வளாகத்தில் கணினிக் கடைகள் நிறைய உண்டு. பையனின் கணினிக்கு உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் அங்கே ஒருவரிடம் திறக்கச் சொன்னோம். உத்தரவாதம் இருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேட்காமல் திறக்காதீர்கள். மூடியைக் கழற்றியதும் விசிறிக்கும் தகடுக்கும் நடுவே தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு பட்டை. பையன் வாயைத் திறக்கவில்லை. தூசி எடுத்து, காய்ந்து போயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவ 80 வெள்ளி. அன்று மாலையே சோதித்தோம். 98 இருந்த இடத்தில் 87. மூடிகளின் மேல் வைத்தபோது 83. இப்போதுதான் கூலிங் பேட்டைப் பற்றிப் பேசவே அர்த்தம் வந்தது.

சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று திறந்த வகை. கம்பி வலைக்குக் கீழே விசிறி. கூலர் மாஸ்டர், டீப்கூல் போன்ற பெயர்களில் கிடைக்கும். சுமார் 40 வெள்ளியிலிருந்து 150 வெள்ளி வரை. யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பழைய வகைத் துளை தருவது வெறும் 2.5 வாட், அதில் எத்தனை விசிறி சுற்றினாலும் அந்த 2.5 வாட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ஐந்து சிறு விசிறிகளைவிட, துவாரத்துக்கு நேர் கீழே நிற்கும் இரண்டு பெரிய விசிறிகள் மேல். விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மற்றது மூடிய வகை. மேலே பஞ்சு விளிம்பு இருக்கும். கணினியை வைத்தால் காற்று பக்கவாட்டில் தப்பாமல் துவாரத்துக்குள்ளேயே அழுத்தமாகப் போகும். ஐ.இ.டி.எஸ்., லானோ என்று பெயர்கள். தனி மின் இணைப்பு வேண்டும். விலை சில நூறு வெள்ளி. பையன் கேட்டது இதைத்தான். அவன் கேட்டதில் தவறில்லை. சூட்டை உண்மையாகவே இறக்குவது இந்த வகைதான், பொருத்தமான கணினியில் பத்து டிகிரிக்கு மேலும் இறங்கும். ஆனால் முழு வேகத்தில் போட்டால் தூசி உறிஞ்சும் இயந்திரம் மாதிரி கத்தும். பஞ்சு விளிம்புக்குள் நுழைதுவாரம் மட்டும் அடங்க வேண்டும்; வெளியேறும் துவாரமும் அகப்பட்டுக்கொண்டால் காரியம் கெட்டது. வடிகட்டியை அடிக்கடி கழுவவும் வேண்டும்.

அக்கா இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர். இரண்டு அறை வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. அந்த வீட்டில் பகல் நேரத்தில் அப்படிக் கத்தும் பொருளுக்கு இடமில்லை என்று நானே பையனிடம் சொன்னேன். முகம் சுருங்கினாலும் ஒப்புக்கொண்டான்.

வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். கடைக்காரருக்குப் பொறுமை அதிகம். 75 வெள்ளியில் திறந்த வகை ஒன்று அமைந்தது. பின்பக்கத்தில் இரண்டு பெரிய விசிறிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, கணினி வழுக்காமல் தாங்க முன்னால் ஒரு தடுப்பு. அதில் வைத்தபோது 79.

காசில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பால் வெட்டப் போனவர்கள் ஏன் இருட்டோடு போனார்கள்? வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்றுதானே! விடியற்காலையில் ஈப்போவில் 24 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. பிற்பகலுக்கும் அதற்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம். அறை எத்தனை டிகிரி குறைகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சில்லும் குறையும். கணினி மணிக்கணக்காக உழைக்கும் பெரிய வரைபட வேலைகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள் என்றேன். ஆட்டத்தில் வினாடிக்கு 60 படங்கள் போதும் என்று வரம்பு வைத்தாலும் சூடு நன்றாகவே குறையும். பையன் இதைச் செய்ய முதலில் தயங்கினான்; கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று பிறகு அவனே சொன்னான்.

“விடியக்காலையில எந்திரிச்சுப் படிப்பானா, விடிய விடிய ஆடுவானா, யாரு தம்பி பார்க்கிறது?” என்று அக்கா கேட்டார். அதற்கு என்னிடம் மென்பொருள் இல்லை. காலை ஏழு மணிக்கு அவர் வீடு திரும்பும்போது விசிறி நின்றிருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்.

மொத்தச் செலவு 155 வெள்ளி. மிச்சம் 195-இல் அந்த மாதத் தவணையைக் கட்டிவிட்டார். இன்னும் பத்து இருக்கின்றன. மெத்தைக்குப் பதில் மேசை வந்துவிட்டது. சாம்பிராணி முன் அறைக்குப் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவாரங்களைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும் என்றேன். அந்தத் தேதியை அக்காவே நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.