வெள்ளியங்கிரிக்கு எந்த விளக்கு?

ஆசிரியருக்கு,

வெள்ளியங்கிரி மலையேற்றக் கட்டுரையில் மூங்கில் தடி, தண்ணீர், கம்பளி எல்லாம் சொன்னீர்கள். விளக்கைப் பற்றி ஒரே ஒரு வரிதான். அடிவாரமான பூண்டியிலிருந்து பலரும் இரவில்தான் ஏறுகிறார்கள். ஒரு கையில் தடி, மறு கையில் செல்போன் டார்ச் என்றால், கால் வழுக்கும்போது பாறையைப் பிடிக்கக் கை ஏது? நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப்தான் சரி.

கடையில் லூமென் என்ற வெளிச்ச அளவைக் காட்டியே விற்கிறார்கள். கூட்டத்தோடு படியேற 200 லூமென் தாராளம். மலிவு விளக்கின் அட்டையில் 10,000 லூமென் என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். நல்ல நிறுவனங்கள் 'எஃப்எல்1' என்ற தர அளவைப் பின்பற்றுகின்றன. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரத்தைத்தான் 'எரியும் நேரம்' என்று போடுகிறார்கள். ஆகவே 10 மணி நேரம் என்றால் 10 மணி நேரமும் பளிச்சென்று எரியும் என்று நம்பிவிடக் கூடாது.

தூறலுக்கு ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரம் போதும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கும் உள்ளதை வாங்கினால், ஓய்வெடுக்கும்போது இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

அடுத்த முறை இதையும் கட்டுரையில் சேருங்கள். கூடவே, எதிரே இறங்கி வருபவரின் முகத்தில் வெளிச்சம் அடிக்காமல் விளக்கைக் கீழே சாய்த்துக்கொள்ளும்படியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், கோவை