நவராத்திரி நடனமும் நம்ம ஆலய லைவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

நவராத்திரி நெருங்குது. ஒன்பது இரவும் பிள்ளைங்க நடனம் இருக்கு. புலனக் குழுவில் இப்பவே பேச்சு ஆரம்பிச்சாச்சு. ஒரு பக்கம், "லைவ் போடுறதாலதான் மண்டபத்துல நாற்காலி காலியா கிடக்கு, நிறுத்துங்க" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "நடக்க முடியாத அம்மா வீட்டுல இருந்து பாக்குறாங்க, நிறுத்தாதீங்க" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா என் கருத்து வேற. லைவ் போடுறது பிரச்சினை இல்லை. நாம அதைப் போடுற விதம்தான் பிரச்சினை.

நடனமே தொழிலா இருக்கிற குழுக்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு பார்த்தா இது புரியும். டிக்கெட் விற்றால்தான் அவங்களுக்குச் சோறு. அரங்கத்துக்கு ஆள் வராம போற மாதிரி எதையும் அவங்க செய்ய மாட்டாங்க. இருந்தும் அவங்க இணையத்தை விடலை.

2014-இல் லண்டன் ராயல் பாலே, ரஷ்யாவின் போல்ஷோய், இன்னும் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா குழுக்கள் சேர்ந்து உலக பாலே நாள் என்று ஒன்றை ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு இணையத்தில் இலவசமா காட்டினாங்க. எதைக் காட்டினாங்க தெரியுமா? பெரும்பாலும் பயிற்சியை. காலையில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கால் நீட்டுறது, ஆசிரியர் "மறுபடி செய்" என்று திருத்துறது, வேர்வை. முழு நிகழ்ச்சியைப் பார்க்க அரங்கத்துக்கு வா, டிக்கெட் எடு. இதுதான் கணக்கு. உழைப்பைப் பார்த்தவனுக்கு முடிவையும் நேரில் பார்க்கணும்னு ஆசை வரும்.

இன்னொன்று, நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற 2020. இங்கே மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயக் கதவெல்லாம் மூடினோமே, அதே மாதம் ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த நடனக்காரர்கள் ஒரு பெரிய படைப்புக்குத் தயாராகிக்கிட்டு இருந்தாங்க. ஜெர்மனியின் பினா பௌஷ் 1975-இல் அமைச்ச நவீன நடனம் அது. வசந்தம் வரணும்னு ஒரு பெண்ணைப் பலி கொடுக்கிற கதை. மேடை முழுக்க மண்ணைக் கொட்டி ஆடுவாங்க. பினா பௌஷ் 2009-இலேயே காலமாகிட்டார். அவர் குழுவில் ஆடியவங்களில் சென்னையில் பிறந்த குச்சிப்பூடி கலைஞர் சாந்தலா சிவலிங்கப்பாவும் ஒருவர். அதனால நமக்குச் சம்பந்தமே இல்லாத உலகம்னு நினைக்க வேண்டாம்.

தொற்று வந்து அரங்கேற்றம் ரத்தாச்சு. எல்லாரும் ஊருக்குத் திரும்ப வேண்டிய நிலை. கிளம்புறதுக்கு முன்னாடி துபாப் தியலாவ் என்ற கடற்கரை ஊரில், மாலை வெளிச்சத்தில், மணலிலேயே ஒரு தடவை முழுசா ஆடினாங்க. அதைப் படம் பிடிச்சாங்க. அந்தப் படத்தை லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கம் 2020 ஜூலையில் தன் இணைய மேடையில் கட்டணம் வைத்துக் காட்டியது. அதோடு நிற்கலை. நிலைமை சரியான பிறகு அதே குழு நாடு நாடா போய் ஆடியது. 2022-இல் அதே லண்டன் அரங்கத்தில் மண்ணைக் கொட்டி நேரில் ஆடினாங்க. வீடியோ வெளிவந்ததால அரங்கத்தின் வேலை முடிஞ்சு போகலை.

இதில் மூணு விஷயம் கவனிங்க. ஒன்று, படம் பிடிச்சவங்களுக்கு எதைக் காட்டுறோம்னு தெளிவு இருந்தது. இரண்டு, அதுக்கு ஒரு விலை வைத்தாங்க, கலைக்கு மதிப்பு வந்தது. மூணு, கடைசியில் அரங்கத்துக்கே வந்து நின்றாங்க.

இப்ப நம்ம லைவை நினைச்சுப் பாருங்க. யாரோ ஒருத்தர் கையில் போன். முன்னாடி நிற்கிறவர் தலை பாதித் திரையை மறைக்குது. பிள்ளை அரைமண்டி போட்டு ஆடுறா, கால் தெரியலை. சலங்கைச் சத்தம் இல்லை, ஒலிபெருக்கி இரைச்சல்தான் இருக்கு. நடுவில் முகநூல் பாட்டுக்கு உரிமை இல்லைன்னு சத்தத்தையே நிறுத்திடும். பிள்ளை பேர், குரு பேர், என்ன உருப்படி, ஒன்றும் போடுறதில்லை. இதைப் பார்க்கிறவருக்கு நேரில் வரணும்னு எப்படித் தோணும்?

அதைவிட என்னை உறுத்துறது வேற ஒன்று. ஆலயத்தில் ஆடுற நடனம் அம்மனுக்குக் காணிக்கை. இப்ப பிள்ளைங்க போனைப் பார்த்துத்தான் ஆடுறாங்க. போன் வைக்கிறவர் நல்ல கோணம் வேணும்னு சன்னிதிக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நிற்கிறார். அது யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் பார்க்கச் சங்கடமா இருக்கு. அப்புறம் பின்னூட்டம். பதிமூணு வயசுப் பிள்ளையின் உடம்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி எழுதுறாங்க. அந்தப் பிள்ளை மறுவருஷம் ஆட வருமா? கூட்டம் குறைஞ்சா அடுத்த வருஷம் கூட்டிக்கலாம். மனசு ஒடிஞ்சு சலங்கையைக் கழற்றி வைத்த பிள்ளையைத் திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்.

அதனால நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் என் யோசனை:

1. பூஜை, தீபாராதனை லைவ் வழக்கம் போல முழுசா போகட்டும். நோயாளி, வயசானவங்க, இரவு ஷிப்ட்டில் இருக்கிறவங்களுக்கு அது தேவை.

2. நடனத்துக்கு ஒவ்வொரு இரவும் ஒரு உருப்படி மட்டும் லைவ். மற்றது நேரில் வந்தால்தான். வர முடியாத தாத்தா பாட்டிக்கு முழுப் பதிவைக் குடும்பத்திடமே கொடுத்துடலாம்.

3. பத்து நாள் முன்னாடியே பயிற்சியில் இருந்து ஒரு நிமிட வீடியோ போடுவோம். குரு தட்டுக்கழியைத் தட்டி ஜதி சொல்றது, பிள்ளை தப்பிச்சு மறுபடி ஆரம்பிக்கிறது. எந்த நாள், எத்தனை மணி, என்ன உருப்படி, அதன் பொருள் என்ன என்று இரண்டு வரி தமிழில்.

4. போனுக்கு ஒரு முக்காலி, பக்கவாட்டில் ஒரே இடம். தலை முதல் பாதம் வரை தெரியணும். சன்னிதியை மறைக்கக் கூடாது. சத்தத்தை ஒலிபெருக்கிக் கருவியில் இருந்து நேரா எடுக்கலாம். முடிஞ்ச இடத்தில் பாடகரும் நட்டுவாங்கமும் நேரில் இருந்தால் பாட்டு உரிமைத் தொல்லையும் குறையும்.

5. பெற்றோர் சம்மதம் எழுத்தில். பள்ளிப் பெயர் போடக் கூடாது. பின்னூட்டத்தைப் பார்க்க இரண்டு தொண்டர்கள், பெண்களா இருந்தா நல்லது. கெட்ட வார்த்தை வந்தா உடனே நீக்கணும்.

"காசு வாங்கிக் காட்டலாமா" என்று சிலர் கேட்பீங்க. ஆலயத்தில் டிக்கெட் வேண்டாம். ஆனா வீடியோ கீழே உபயக்காரர் பேரோடு, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்த குருவின் பேரும் கட்டாயம் இருக்கணும். அந்த மரியாதைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெரிய குழுக்களிடம் இருக்கிற கேமராவும் காசும் நம்மகிட்ட இல்லை. ஆனா அவங்க அரங்கத்துக்கு ஆளைக் கூப்பிட இணையத்தைப் பயன்படுத்துறாங்க. நாமளும் அம்மன் சன்னிதிக்கு ஆளைக் கூப்பிடப் பயன்படுத்தலாம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தாச்சு, போதும்னு சொல்ல வைக்கிற லைவ் நமக்கு வேண்டாம்.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போறேன். ஒத்துக்காதவங்க தாராளமா கீழே எழுதுங்க. முக்காலி வைத்திருக்கிறவங்க, ஒலிபெருக்கி வேலை தெரிஞ்ச தம்பிங்க இருந்தா எனக்குத் தனியா தகவல் அனுப்புங்க. நவராத்திரிக்கு ஒரு இரவாவது குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்காருங்க. பிள்ளைங்க ஆடி முடிச்சதும் கை தட்டுற சத்தம் அவங்களுக்குக் கேட்கணும்.

அம்மன் துணை.