லீவு போடும் பிள்ளையும் குடற்புழு மாத்திரையும்!

பிள்ளை அடிக்கடி ஸ்கூலுக்கு லீவு போடுகிறதா? 'படிப்பில் அக்கறையே இல்லை' என்று திட்டும் முன், கென்யாவில் நடந்த இந்த ஆய்வைக் கொஞ்சம் கேளுங்கள்.

மேற்கு கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, 1998 முதல் ஒவ்வொரு குழுவாகக் குடற்புழு மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பலனைக் கணக்கெடுத்தவர்கள், பொருளாதார ஆய்வாளர்கள் எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரெமர். கிரெமர் 2019-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

மாத்திரை கொடுத்த பள்ளிகளில், பிள்ளைகள் வராமல் இருப்பது சுமார் கால் பங்கு குறைந்தது என்றார்கள். மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்ததாம். மண்ணில் புழு முட்டைகள் குறைந்தால், அடுத்தவருக்குத் தொற்றுவதும் குறையும்தானே!

ஆனால், பரீட்சை மார்க் உயரவில்லை. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் இந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்து, கேள்விகளும் எழுப்பினார்கள். ஆக, இது மார்க் வாங்கித்தரும் மந்திர மாத்திரை அல்ல. வயிற்றில் புழு இருக்கும் பிள்ளைக்கான மருந்து.

நம் நாட்டிலும் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றபடி, 'எதற்கு வம்பு' என்று அன்றைக்கு மட்டும் லீவு போட வைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்!