பல்லக்கும் துறவும்

தை மாதத்தில் கோணான்குப்பம் தேர்த் திருவிழாவுக்கு நம் விருத்தாசலத்திலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகச் செல்வதை ஆண்டுதோறும் காண்கின்றோம். போகிறவர்களில் சமயம் பார்ப்பவர் குறைவு. பழமலைநாதர் கோயில் அம்மைக்கும் பெரியநாயகி என்று பெயர்; அங்குள்ள மாதாவுக்கும் அதே பெயர். அக்கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, ஏழ்மை நோன்பு பூண்டு தமிழகம் வந்தவர். அந்த நோன்பைப் பற்றித்தான் என் மனத்தில் பட்டதைச் சொல்ல விழைகின்றேன்.

ஐரோப்பாவில் இந்நோன்புக்கு நெடிய வரலாறு உண்டு. அசிசி நகரத்துத் துணி வணிகர் மகன் பிரான்சிஸ், ஆயர் முன்னிலையில் உடுத்த துணியையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். பட்டினத்தாரை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் பிரான்சிஸின் பின்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கூட்டம் சேர்ந்தால் மடம் வேண்டும். மடத்துக்கு நிலமும் நூல்களும் வேண்டும். காசைக் கையால் தொடாத துறவிகளிடம் சேர்ந்த இவையெல்லாம் யாருடையவை? 1279இல் போப் மூன்றாம் நிக்கோலாஸ் ஒரு வழி வகுத்தார். உடைமை திருச்சபைக்கு, பயன்பாடு துறவிக்கு! வீட்டை மனைவி பெயரில் எழுதிவைக்கும் நம் காலத்துக் கெட்டிக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? கடும் ஏழ்மையை விட்டுக்கொடுக்க மறுத்த துறவியர் நால்வர் 1318இல் மார்செய்ல் நகரில் எரிக்கப்பட்டனர். கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்று சாதிப்பது மதப்புரட்டு என 1323இல் போப் இருபத்திரண்டாம் ஜான் தீர்ப்பளித்தார்.

அந்நோன்பு கடல் கடந்து இங்கு வந்தபோது வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் நொபிலி, காவியுடுத்து, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். உயர்சாதியினர் மதிக்கும் சந்நியாசி, தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக முடியாது. ஆகவே அவர்களிடையே தொண்டாற்றப் பிற்பாடு பண்டார சுவாமிகள் என்று ஒரு தனிப்பிரிவே வகுக்கப்பட்டது. எல்லாவற்றையும் துறந்தவர்களின் ஏழ்மை உடையிலும் இரண்டு தரம்! துறக்கப்படாமல் நின்றது சாதி ஒன்றுதான்.

வீரமாமுனிவருக்கு வருவோம். முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாற்றில் முனிவர் பல்லக்கில் வருகின்றார். புலித்தோல் இருக்கை, பட்டுக் குடை, விசிறி வீசுவோர் எல்லாம் உண்டு. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அந்நூலின் செய்திகள் சிலவற்றை ஐயுறுகின்றனர். ஏழ்மை நோன்பு பூண்டவர்க்குப் பட்டும் குடையும் தகுமா என்று கேட்பவர்களுண்டு. அந்நாளில் மரியாதை பெற அக்கோலம் வேண்டியிருந்தது, பொருள் எதுவும் அவருடையதன்று என்று விடை கூறுவாருமுண்டு. மூன்றாம் நிக்கோலாசின் விடையே அது. என்னை உறுத்துவது பட்டு அன்று. பல்லக்கின் அடியில் இருக்கும் தோள்கள். 'எனக்கென்று என்ன இருக்கின்றது?' என்று அந்நோன்பு கேட்டது. 'என்னைச் சுமப்பவர் யார்?' என்று கேட்கவில்லை.

பல்லக்குத் தூக்கியவர்கள் எந்த நோன்பும் பூண்டவர்களல்லர். நம் செராமிக் தொழிற்பேட்டையில் களிமண் தூசியில் நாளெல்லாம் நிற்பவர்களும் அப்படியே. அவர்கள் எதிரிலும் மேடையேறி, எளிமையே இன்பம் என்று பேசுவோரைக் கண்டால் எனக்குச் சினம் பொங்குகின்றது. பிரான்சிஸிடம் துறப்பதற்குத் தந்தையின் துணிக்கடை இருந்தது. மாதக் கடைசியில் மளிகைக் கடன் நிற்கும் ஒருவர் எதைத் துறப்பார்? ஏழ்மையைத் தானே விரும்பி ஏற்றவர் போற்றத்தக்கவர். பிறர்மேல் அது விழுந்து கிடப்பதைப் புகழ எவருக்கும் உரிமையில்லை.

முனிவரைக் குறைகூற நான் எழுதவில்லை. 3615 பாடல்களில் தேம்பாவணியும், சதுரகராதியும் தந்தவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. பரமார்த்த குரு கதையை எழுதியவரும் அவரே. நடக்கத் தள்ளாத குருவுக்குக் குதிரை வேண்டுமென்று சீடர்கள் அலைந்து, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வருவார்கள். குருமாரின் வாகன ஆசையை இப்படி எள்ளி நகையாடியவர், தாமே பல்லக்கில் சாய்ந்திருப்பாரா? இருக்கமாட்டார் என்றே நம்ப விரும்புகின்றேன். சான்று கேட்டால் அந்தப் பூசணிக்காயைத்தான் காட்டுவேன்.